மறுபடி இன்ஸ்டால் பண்றதுக்குப் பேரு ரிப்பேருங்களா?

ரொம்ப நாளா மனசுல கெடந்து கொதிக்கற மேட்டர் மக்களே. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். ஆபீஸ்ல ஆணி புடுங்கற நேரத்துல படிக்காம, சாவகாசமா ஒரு டீயோட உக்காந்து படிங்க.

ஸ்மார்ட் மிர்ரர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டூ-வே கண்ணாடின்னு ஒண்ணு கிடைக்கும். முன்னாடி நின்னா முகம் தெரியும், பின்னாடி இருந்து வெளிச்சம் வந்தா அதுவும் ஊடுருவித் தெரியும். அதுக்குப் பின்னால ஒரு பழைய மானிட்டர், அதுக்கும் பின்னால உள்ளங்கை சைஸ் ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர். தலை சீவும்போதே நேரம், மழை நிலவரம், இன்னிக்கு என்ன மீட்டிங்னு எல்லாம் கண்ணாடியிலயே தெரியும். நெதர்லாந்துக்காரர் மைக்கேல் டேயூ 2014ல ஆரம்பிச்சு வச்ச மேஜிக் மிர்ரர்தான் இதுக்குப் பலரும் போடற மென்பொருள். ஓசிதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா செஞ்சிடலாம். பிரச்சினை அதுக்கப்புறம்தான். பத்து நாள்ல திரை உறையும். தானா ரீஸ்டார்ட் ஆகும். ஒருநாள் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. யாரைக் கேட்டாலும் ஒரே மந்திரம்: "எஸ்டி கார்டை ஃபார்மேட் பண்ணி மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க பாஸ்." நான் சண்டைக்கு நிக்கறது இந்த மந்திரத்தோடதான். இதுக்குப் பேரு ரிப்பேர் இல்லீங்க. குத்தம் நடந்த இடத்தைக் கழுவி விட்டுட்டு "கேஸ் முடிஞ்சுது"ன்னு சொல்றது.

சரவணம்பட்டிப் பக்கம் வேலை பாக்கற நண்பர் ஒருத்தர் ஒரே மாசத்துல நாலு தடவை ஃபார்மேட் பண்ணுனாரு. நேர்ல போய்ப் பாத்தா, பழைய பை 3, பழைய ஓஎஸ், வலதுபக்க மேல் மூலையில குட்டியா ஒரு மின்னல் படம் வந்து வந்து போகுது. "இது என்னங்க?"ன்னேன். "வெதர் ஐகானுங்க, இடி மழை வரும்போல"ன்னாரு. வெளிய சித்திரை வெயில் மண்டையப் பொளக்குது! அந்த மின்னல் வானிலை இல்லீங்க. "எனக்குக் கரண்டு பத்தலை"ன்னு போர்டு போடற கூப்பாடு. ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழ போனா இந்த எச்சரிக்கை வரும்.

ஏன் பத்தலை? பை 3க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் போடச் சொல்றாங்க. வீட்டுல சும்மா கெடந்த மொபைல் சார்ஜரையும் நூல் மாதிரி ஒரு கேபிளையும் போட்டா? கணக்குப் போடுங்க. கேபிளோட மின்தடை 0.3 ஓம், ஓடற கரண்டு 2 ஆம்பியர்னு வச்சுக்குங்க. 0.6 வோல்ட் வழியிலயே காணாமப் போகுது. சார்ஜர்ல கிளம்புன 5 வோல்ட், போர்டுக்கு 4.4ஆ வந்து சேருது. வேகம் குறையும், கார்டுல எழுதற நேரத்துல தடுக்கி விழும், ஃபைல் கெட்டுப்போகும். நாம கார்டைத் திட்டுவோம், மென்பொருளைத் திட்டுவோம். கேபிள் ஜாலியாச் சுவத்துல தொங்கிட்டிருக்கும்.

இதுல கடுப்பு என்னன்னா, நம்ம ஊர்ல இது யாருக்கும் புது விஷயமே இல்ல. ஆயிரம் அடி போர்ல மோட்டார் இறக்கற எந்தக் கொங்கு விவசாயியவாவது கேட்டுப் பாருங்க. "ஆழம் கூடுச்சுன்னா கேபிள் தடியா போடோணுமுங்க, இல்லீன்னா காயில் பொகைஞ்சு போயிருமுங்க"ம்பாரு. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இருக்கற வைண்டிங் பட்டறைக்குக் கருகின மோட்டாரைக் கொண்டு போங்க. நல்ல மிஸ்திரியா இருந்தா முதல் கேள்வியே "லைன்ல வோல்டேஜ் எவ்வளவு வருது?"தான். காரணம் தெரியாம காயிலை மட்டும் மாத்துனா அடுத்த வாரமே திரும்பி வரும்னு அவருக்குத் தெரியும். அதே ஓம் விதியைப் படிச்சு பரீட்சை எழுதி பி.இ. வாங்கின நாம ஏனுங்க அளக்காமயே ஃபார்மேட் பண்றோம்?

அளக்கறது ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல. "விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்"னு ஒரே ஒரு கமாண்டு. பூஜ்யம் வந்தா கரண்டுல குத்தமில்ல. 50005ன்னு வந்தா, கடைசி 5 "இப்பவே வோல்டேஜ் பத்தலை, வேகத்தைக் குறைச்சுட்டேன்"ங்குது. முன்னாடி இருக்கற 5, "பூட் ஆனதுக்கப்புறம் இப்படி ஏற்கெனவே ஆயிருக்கு"ங்குது. பாவம், அந்தக் குட்டி போர்டு வாக்குமூலமே குடுக்குது. கேக்கத்தான் ஆளில்லை.

அடுத்து சூடு. நாலு பக்கமும் அடைச்ச மரச்சட்டத்துக்குள்ள மானிட்டரும் போர்டும் ஒண்ணா வேகுது. 80 டிகிரியத் தாண்டுனா போர்டு தானே வேகத்தைக் குறைச்சுக்கும். சட்டத்துக்கு மேலயும் கீழயும் நாலு ஓட்டை போட்டாலே பாதி வியாதி போயிடும்.

அப்புறம் கடிகாரம். பை 4 வரைக்கும் போர்டுல தனிக் கடிகாரச் சில்லு கிடையாது. பை 5ல உண்டு, ஆனா பேட்டரி நாமதான் வாங்கி மாட்டோணும். கரண்டு போய் வந்தா, நெட் கிடைக்கற வரைக்கும் பை பழைய நேரத்துலயே நிக்கும். நேரம் ரொம்பத் தப்பா இருந்தா பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதும்பான், காலண்டர் வராது. அதுக்கும் ஃபார்மேட்டா?

கருப்புத் திரை வந்தா பலசமயம் கான்ஃபிக் ஃபைல்ல ஒரு காற்புள்ளி விட்டுப் போயிருக்கும். எந்த வரின்னு காட்டறதுக்கு "என்பிஎம் ரன் கான்ஃபிக்:செக்"னு மேஜிக் மிர்ரர்லயே வசதி இருக்கு. வானிலை மட்டும் வரலைன்னா தப்பு உங்க வீட்டுலயே இல்லாம இருக்கலாம். ஓப்பன்வெதர்மேப் தன்னோட பழைய ஒன்கால் 2.5 சேவையை 2024ல மூடுச்சு. நீங்க நூறு தடவை ஃபார்மேட் பண்ணுனாலும் மூடுன கடை தொறக்காது.

"ஏம்ப்பா, இது பொழுதுபோக்கு. இருபது நிமிஷத்துல மறுபடி போட்டுட்டுப் போறதை விட்டுட்டு..."ன்னு சிலர் சொல்வீங்க. நியாயமான கேள்விதான். ஆனா அந்த இருபது நிமிஷத்துல லாக் மொத்தமும் அழிஞ்சு போகுதே சாமி! தடயத்தை அழிச்சுட்டு அடுத்த தடவையும் அதே குழியில விழறீங்க. சாட்ஜிபிடிகிட்ட கேட்டாலும் இதே கதைதான். "திரை உறையுது"ன்னு மட்டும் சொன்னா பத்து காரணம் அடுக்கும். "50005 வருது"ன்னு சொல்லிப் பாருங்க, நேரா அடாப்டருக்கு வரும். அளவு நாமதான் எடுத்துக் குடுக்கோணும்.

கண்ணாடி மட்டும்னா நான் இவ்வளவு கத்த மாட்டேன். காந்திபுரம் பக்கம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ரெடிமேடா விக்கறாங்க. ஸ்மார்ட் மிர்ரரும் அந்தப் பட்டியல்ல உண்டு. பையன் காசு குடுக்கறான், வாங்கறான், வைவா அன்னிக்கு ஓடுது, மார்க் வருது. அது உறைஞ்சு நின்ன அந்தப் பத்து நாள்தான் அவன் படிக்க வேண்டிய பாடம். அதை மட்டும் விட்டுட்டு மீதி எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கிட்டான். நாளைக்கு இவன்தான் என் டீம்ல உக்காந்து "சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், சரியாயிருச்சு"ன்னு மெயில் போடறான். ஏன் நின்னுச்சுன்னு கேட்டா முழிக்கறான்.

இதே ஊர்லதான் ஜி.டி.நாயுடு இருந்தாரு. பள்ளிக்கூடப் படிப்பே சொற்பம். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காக் கழட்டி, திருப்பி மாட்டித்தான் எஞ்சின்னா என்னன்னு கத்துக்கிட்டாரு. இன்னிக்கு ஜி.சி.டி.ன்னு நிக்கற கல்லூரி 1945ல ஆர்தர் ஹோப் பேர்ல ஆரம்பிச்சதுக்குப் பின்னாடி இருந்தவரும் அவர்தான். இஞ்சினியரிங் படிக்க நாலு வருஷம் தேவையில்ல, ரெண்டே போதும்னு வாதம் பண்ணுன மனுஷன். நாம நாலு வருஷம் படிச்சும் ஒரு கேபிளைச் சந்தேகப்படத் தெரியாம நிக்கறோம்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஃபார்மேட் பட்டன் மேல கை போகும்போது, ஒரு துண்டுச் சீட்டுல மூணே மூணு எழுதுங்க: த்ராட்டில்ட் நம்பர் என்ன, சூடு எத்தனை டிகிரி, லாக்ல கடைசி பத்து வரி என்ன. எழுதின பின்னாலயும் ஃபார்மேட் பண்ணியே தீரோணும்னா தாராளமாப் பண்ணுங்க, நான் குறுக்க நிக்கல.

டிஸ்கி: "எல்லாம் பாத்தாச்சு, அப்பவும் உறையுது"ங்கறவங்க அந்த மூணையும் பின்னூட்டத்துல போடுங்க, சேந்து மண்டையப் பிச்சுக்குவோம். வெறும் "வொர்க் ஆகல ப்ரோ"ன்னு போட்டா பதில் வராதுங்கோவ்!