பூட்டுவதற்கு முன் உள்ளே பாருங்கள்

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் அரசியலையும் போரையும் பற்றியே எழுதிக் குவித்த ஒருவன், இன்று ஒரு வாகனத்தின் பின்கதவைப் பற்றி எழுதப் புகுந்திருப்பது வாசகர்கள் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். முழுவதையும் வாசித்து முடித்தபின் அவர்கள் என்னைக் கோபிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையுடன் தொடங்குகின்றேன்.

ஸ்காபரோவில் வாழும் என் மருமகன் வீடுகளுக்குத் தரையோடு பதிக்கும் வேலை செய்பவர். அவருடைய சீவனோபாயம் ஒரு பிக்கப் றக். ஓடுகள், சீமெந்துப் பைகள், வெட்டும் இயந்திரம் எல்லாம் அதன் பின்பெட்டியில்தான் போய்வரும். நான் அங்கு சென்று தங்கியிருந்த நாட்களில் ஒருநாள் அதிகாலையில் அவர் வாசலில் நின்று தலையிலே கைவைத்தார். றக் நிறுத்திய இடத்திலேயே நின்றது. அதன் பின்கதவை மட்டும் காணவில்லை.

இதை 'ரெயில்கேற்' என்று அங்கே அழைக்கின்றார்கள். பின்பெட்டியின் கடைசியில் கீழ்நோக்கி மடிந்து திறக்கும் பலகைதான் அது. ஒரு வாகனத்தின் முழுக் கதவொன்றை இரவோடிரவாகக் கழற்றிச் செல்ல முடியுமா என்று நான் கேட்டேன். "மாமா, அதுக்கு ஒரு ஸ்பனர்கூடத் தேவையில்லை" என்றார் மருமகன்.

அவர் சொன்னது உண்மையே. பெரும்பாலான பிக்கப் வாகனங்களில் இந்தக் கதவு எளிதாகக் கழற்றப்படுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. கைபிடியை இழுத்துக் கதவைப் பாதியளவு தாழ்த்தி, இரு பக்கத்திலும் தாங்கி நிற்கும் கம்பி நாடாக்களைக் கொளுவியிலிருந்து விடுவித்து, ஒரு பக்கத்தை மேலே தூக்கி, மறுபக்கத்தைச் சரித்து இழுத்தால் கதவு கையோடு வந்துவிடும். நீண்ட மரங்களை ஏற்றும் விவசாயிக்கும், பெட்டிக்குள் கொளுவி பூட்டிப் பெரிய இழுவை வண்டியை இழுப்பவருக்கும் இது வசதி. அவர்களுக்கு உதவிய அதே வசதி இப்போது கள்வனுக்கும் உதவுகின்றது.

முன்னொரு காலத்தில் அந்தக் கதவு வெறும் தகரம். அதைத் திருடிச் சம்பாதிக்க அதிகம் இருக்கவில்லை. இன்று நிலைமை வேறு. 2018 மே முதலாம் திகதியிலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் புதிய கார்களுக்கும் இலகுரக வாகனங்களுக்கும் பின்னோக்குக் கமரா கட்டாயமாக்கப்பட்டது. பின்னால் நிற்கும் குழந்தையைக் காணாமல் வாகனத்தைப் பின்செலுத்திய துயரங்கள் பலவற்றின் விளைவாக வந்த நல்ல சட்டம் அது. பிக்கப் வாகனங்களில் அந்தக் கமரா பெரும்பாலும் பின்கதவின் கைபிடியோடு பொருத்தப்படுகின்றது. கமராவும் வயரும் வர்ணமும் சேர்ந்து, கதவைப் புதிதாக மாற்றும் செலவைச் சில ஆயிரம் டொலர்வரை கொண்டுபோய்விட்டன. விலை ஏறியபின்னும் அது பழைய தகரக் கதவைப்போலவே கழன்று வந்தது. கள்வர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

காப்புறுதியில் முதல் ஒரு தொகையை உரிமையாளரே ஏற்கவேண்டும் என்பதால் மருமகனுக்குக் கிடைத்த நிவாரணம் சொற்பம். பழைய உதிரிப்பாகக் கடையில் வேறு நிறக் கதவொன்றை வாங்கிப் பொருத்தினார். பிறகு, றிமோட்டில் இயங்கும் மின்பூட்டு ஒன்றையும் வாங்கி வந்தார். "இதோடை பிரச்சினை முடிஞ்சுது மாமா" என்றார். அன்று பிற்பகல் முழுவதும் நான் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வேறென்ன இருக்கிறது?

வேலை நான் நினைத்ததைவிட எளிது. கதவின் உட்புறத் தகட்டைக் கழற்றினால், நடுவிலுள்ள கைபிடியிலிருந்து இரு பக்கத்துக் கொளுவிகளுக்கும் செல்லும் இரண்டு கம்பிகள் தெரியும். கைபிடி இழுபடும்போது அந்தக் கம்பிகள் கொளுவிகளை விடுவிக்கின்றன. புதிய பூட்டிலுள்ள சிறிய மோட்டார், அந்தக் கைபிடி அசையாதவாறு ஒரு தடையை முன்னே தள்ளுகின்றது. கதவு திறபடாவிட்டால் அதைத் தாழ்த்த முடியாது. தாழ்த்த முடியாவிட்டால் கழற்றவும் முடியாது.

வாகனத்தின் முன்கதவுப் பூட்டுகளுக்குச் செல்லும் இரண்டு வயர்களிலிருந்து கிளை எடுத்து இதற்கு மின்சாரம் கொடுக்கவேண்டும். அந்த இரண்டு வயர்களும் சும்மா இருக்கும்போது எர்த்தில் இருக்கின்றன. ஒன்றுக்குக் கணநேரம் 12 வோல்ட் வந்தால் பூட்டும். மற்றதற்கு வந்தால் திறக்கும். ஆகவே றிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்கதவுகளோடு பின்கதவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். புதிய வாகனங்கள் பலவற்றில் கதவுகள் கணினிக் கட்டளையில் இயங்குவதால், அந்தந்த ஆண்டு மாதிரிக்குரிய வயர் வரைபடத்தைப் பார்க்காமல் வெட்டக்கூடாது என்று மருமகன் எச்சரித்தார். பியூஸ் ஒன்றை இடையில் வைத்தார். கதவு மடியும் இடத்தில் வயரைத் தளர்வாக விட்டார். குளிர்காலத்தில் வீதியில் தூவும் உப்பு செம்பை அரித்துவிடும் என்பதால் இணைப்புகளை ஈயமிட்டு ஒட்டி, மேலே நீர்புகா உறையைச் சூடாக்கிச் சுருக்கினார். போதாததற்குப் பிணைச்சலைச் சுற்றித் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இரும்புப் பட்டி ஒன்றையும் இறுக்கினார். சில டொலர் பெறுமதியான அந்தப் பட்டியே பாதிக் கள்வர்களைச் சலிப்படையச் செய்யும் என்பது அவர் கட்சி.

கதவுகளுக்கு மின்பூட்டு 1956 இல் அமெரிக்காவின் பக்கார்ட் கார்களில் வந்தது. தூரத்திலிருந்து பூட்டும் றிமோட் 1982 இல் பிரான்சின் ரெனோ நிறுவனத்தின் ஃபுயேகோ காரில் வந்தது. இவ்வளவு காலத்துக்குப் பின்னும் ஒரு தொழிலாளி தன் வாகனத்தின் பின்கதவுக்குத் தானே பூட்டு வாங்கிப் பொருத்தவேண்டியிருப்பது எனக்கு வியப்பாகவே இருந்தது. இன்று சில நிறுவனங்கள் விலை கூடிய ரகங்களில் இதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தருகின்றன. விலை குறைந்த றக்கை வாங்குபவன்தான் பெரும்பாலும் அதை வைத்துப் பிழைப்பவன். அவனுக்குப் பூட்டு இல்லை என்பது என்ன நியாயம்?

அந்தப் பிற்பகலில் எனக்கு ஏ-9 பாதை நினைவுக்கு வந்தது. 2002 இல் போர்நிறுத்தத்தின்பின் பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சென்ற வாகனங்கள் ஓமந்தையிலும் முகமாலையிலும் நின்று சோதனைக்கு உட்படவேண்டும். நான் பயணித்த பிக்கப் ஒன்றின் சாரதி பின்கதவைக் கயிற்றினால்தான் கட்டியிருந்தார். ஏன் ஒரு பூட்டுப் போடக்கூடாது என்று கேட்டேன். "ஐயா, பூட்டைக் கண்டால் உள்ளுக்கு என்ன இருக்கெண்டு கேப்பினம். கயிறெண்டால் அவையே அவிட்டுப் பாப்பினம்" என்றார். பூட்டுவதே குற்றத்துக்கு ஒப்பாகக் கருதப்பட்ட இடத்திலிருந்து வந்தவன், பூட்டாதது மடைமை எனக் கருதப்படும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகின்றேன்.

மருமகனின் றக்கின் பின்பெட்டிக்கு மேலே பிளாஸ்டிக் கூரை ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அதன் பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடி இருக்கின்றது. கண்ணாடியை மூடிப் பின்கதவையும் மூடினால் அது முழுமையான ஓர் அறை. பூட்டுப் பொருத்தி மூன்றாம் நாள், பிள்ளைகள் இருவரும் ஒளித்துப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆறு வயதுப் பேத்தி, திறந்திருந்த பின்பெட்டிக்குள் ஏறிச் சீமெந்துப் பைகளின் பின்னால் படுத்துக்கொண்டாள். தகப்பன் மூட மறந்துவிட்டார் என எண்ணிய தாய், கண்ணாடியையும் கதவையும் சாத்திவிட்டு உள்ளே போனாள். குசினியிலிருந்தபடி பொத்தானை அழுத்தினாள். வெளியே 'டிக்' என்ற ஓசை கேட்டது. எனக்கும் கேட்டது.

சில நிமிடங்கள் கழிந்தபின் பேரன் வந்து, தங்கச்சியை எங்கும் காணவில்லை என்றான். வீட்டுக்குள் தேடினோம். நிலக்கீழ் அறையில் தேடினோம். தாய் வீதிக்கு ஓடினாள். அப்போதுதான் றக்கின் பக்கத்திலிருந்து தட்டும் ஓசை எனக்கு எட்டியது. பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தபோது பிள்ளை வியர்த்து, குரல் அடைத்துப்போயிருந்தாள். கத்திக் கத்தி அடைத்த குரல் அது. கூரையும் தகரமும் வீட்டுச் சத்தமும் சேர்ந்து அந்தக் குரலை மறைத்துவிட்டன. அன்று இதமான வெயில். ஆடி மாதத்து நண்பகலாக இருந்திருந்தால் என்ற நினைவு இன்றும் என்னை உலுப்புகின்றது.

மனித சமூகம் இப்பாடத்தை ஏற்கெனவே மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1998 ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் மூன்று வாரங்களுக்குள் மூன்று சம்பவங்களில் 11 சிறுவர்கள் கார்களின் பின்பெட்டிக்குள் அகப்பட்டு இறந்தார்கள். அதன்பின் சட்டம் வந்தது. 2001 செப்ரெம்பர் முதல் அங்கு விற்பனைக்குத் தயாரிக்கப்படும் கார்களின் பின்பெட்டிக்குள், உள்ளிருந்து திறக்கும் கைபிடி கட்டாயமாயிற்று. இருளில் ஒளிரும் அந்தச் சிறிய பிடியை உங்கள் காரிலும் கண்டிருப்பீர்கள். ஆனால் ஒரு பிக்கப் வாகனத்துக்கு ஒருவர் கூரையை ஒரு கடையிலும் பூட்டை இன்னொரு கடையிலும் வாங்கித் தன் வீட்டு முற்றத்தில் பொருத்தும்போது, அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவருடன் கூட வருவதில்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் தீங்கற்றவை. சேர்ந்தபோதுதான் அவை ஒரு பொறியாகின.

பிள்ளைகளைக் கவனிப்பது பெற்றோரின் கடமை, பூட்டைக் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கடமையை நான் மறுக்கவில்லை. ஆனால், பழைய பூட்டுக்குத் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்கு அருகே போகவேண்டும். போகிறவன் ஒருமுறையாவது உள்ளே பார்ப்பான். உள்ளிருந்து ஒரு முனகல் கேட்டாலும் காதில் விழும். றிமோட் அந்தச் சில அடி நடையை இல்லாமற் செய்தது. அதனுடன் அந்தப் பார்வையும் போய்விட்டது. ஒரு வசதியைச் செய்து விற்பவர், அந்த வசதி எதைப் பறிக்கின்றது என்பதையும் எண்ணி ஈடுசெய்ய வேண்டும் என்பதே என் வாதம். ஒரு சிறு கம்பியையும் ஒரு பிடியையும் அந்தப் பொதியிலேயே சேர்த்து வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

இது வட அமெரிக்காவின் கவலை மட்டும்தானே என்று எங்கள் நாட்டில் இருப்பவர்கள் ஒதுங்கவேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு கண்ணாடியும் ஒரு விளக்கும்கூடப் பொக்கிஷமாயின. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்தவர்களுக்கு அது நன்கு தெரியும். 2022 இல் எரிபொருள் வரிசை நீண்டபோது எரிபொருள் தாங்கிக்குப் பூட்டுத் தேடியவர்களும் எங்கள் ஒழுங்கையில் இருந்தார்கள். எங்கள் நாட்டில் பிக்கப் வாகனத்தின் பின்பெட்டி சாமான் மட்டும் ஏற்றும் இடமல்ல. பிள்ளைகளும் அதில்தான் ஏறுகின்றார்கள். ஆகையால் ஆபத்தும் இங்கு குறைவல்ல.

மருமகன் பூட்டைக் கழற்றிவிடவில்லை. கழற்றும்படி நானும் சொல்லவில்லை. உழைப்பவனின் பொருளைக் காக்கும் உரிமை அவனுக்கு உண்டு. அடுத்த நாளே அவர் பின்கதவின் உட்தகட்டில் ஒரு துளையிட்டு, பூட்டின் தடையைப் பின்னுக்கு இழுத்துக் கொளுவிகளையும் விடுவிக்கும்படி ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனியில் இருளில் ஒளிரும் பிடியொன்றைத் தொங்கவிட்டார். முன்கதவோடு இணைத்திருந்த வயரைப் பிரித்து, பின்கதவுக்கெனத் தனியாக ஒரு பொத்தானைப் பின்பெட்டிக்கு அருகிலேயே, பிள்ளைகளின் கைக்கு எட்டாத மறைவான இடத்தில் வைத்தார். இப்போது அதைப் பூட்ட விரும்புபவர் அங்கே நடந்து போகத்தான் வேண்டும். பிறகு பேத்தியை உள்ளே ஏறச் சொல்லி, கதவை மூடி, அவளாகவே பிடியை இழுத்து வெளியே வரும்வரை மூன்று தடவை பழக்கினார். மூன்றாம் தடவை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

நான் ஊர் திரும்பிய நாளில் என் பெட்டிகளை அந்தப் பின்பெட்டியில்தான் ஏற்றினார்கள். மருமகன் குனிந்து, உள்ளே இரு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். உங்கள் வாகனத்துக்கு இவ்வாறான பூட்டொன்றைப் பொருத்தவிருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் அதைத்தான்.