ஏரியிலும் முறை உண்டு

பொங்கல் விடுமுறையில் பழவேற்காடு வந்து, படகெடுத்துக் கொடுவா பிடிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாருங்கள், படகும் தூண்டிலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதை மறக்கக் கூடாது.

இன்னொன்று. நமக்கு வெறும் தண்ணீராகத் தெரியும் இடத்துக்கும் முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்று மீனவக் குப்பங்கள் வகுத்துக்கொண்டதுதான் 'பாடு'. தன் முறைக்காகக் காத்திருப்பவருக்கு அது வயிற்றுப்பாடு. பொழுதுபோக்குக்காக நாம் குறுக்கே போகலாமா?

கரையில் நின்று பூநாரைகளைப் பாருங்கள். மீன் விற்கும் பெண்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். முந்தின நாளே சொன்னால், வீட்டில் குழம்பு வைத்துவிடுவோம்.