மஞ்சளெல்லாம் காமாலையன்று

சங்க அகப்பாடல்களில் மகளின் மேனி பசலை பாய்ந்து பீர்க்கம்பூவின் நிறங்கொள்ளும்போது, தாய் வேலனை அழைத்து வெறியாட்டெடுப்பாள். உண்மைக் காரணம் தோழிக்குத் தெரியும், அவளைக் கேட்பாரில்லை. நிறம் மாறினால் நோய், நோயென்றால் உடனே மருந்து என்னும் அவ்வவசரம் நம்மை விட்டு இன்னும் நீங்கவில்லை.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்குச் சத்து மிகட்டும் என்று நாள்தோறும் கேரட்டும் பரங்கிக்காயும் மசித்து ஊட்டுகிறோம். சில வாரங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் மூக்கு நுனியும் மஞ்சள் பூசியதுபோல் ஆகின்றன. வீட்டில் உடனே எழும் சொல் காமாலை.

மணலி புதுநகரில் அச்சொல் எழுவதை நாம் நகையாடமாட்டோம். 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததைக் கண்ட வட்டாரம் அது. நீரையும் காற்றையும் ஐயுற அங்குள்ள தாய்மார்க்குக் காரணமுண்டு. அவர்களது அச்சத்தோடு நமக்கு வழக்கில்லை. அதன்பின் வரும் கைமருந்தோடுதான் வழக்கு. கீழாநெல்லியை அரைத்துப் புகட்டி, உப்பும் எண்ணெயும் விலக்கிப் பத்தியம் வைத்து, வளரும் பிள்ளையின் வாயிலிருந்து நெய்ச்சோற்றைப் பறிப்பது என்ன நியாயம்?

கேரட்டுக்கு நிறந்தருவது கரோட்டின். உடல் தனக்கு வேண்டிய அளவே அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். எஞ்சியது குருதிவழிச் சென்று தோலின் மேலடுக்கில் தங்கும். அவ்வடுக்கு தடித்த உள்ளங்கை, உள்ளங்காலில் நிறம் முந்தித் தெரியும். பப்பாளியும் மாம்பழமும் சர்க்கரைவள்ளியும் இவ்வாறே. கீரையிலும் கரோட்டின் உண்டு. பச்சை அதை மறைத்துவிடுகிறது. கேரட் உண்ட குழந்தைகளிடம் இந்நிறத்தைக் கண்டு, 1919இல் அமெரிக்காவில் ஹெஸ், மையர்ஸ் என்னும் இருவர் கட்டுரை எழுதினர். மருத்துவர் இதைக் கரோட்டினீமியா என்பர். நம் வீட்டுப் பேச்சில் இதற்குப் பெயரில்லை; ஆகவே காமாலையின் பெயரை இரவல் வாங்கி உலவுகிறது.

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். நாம் பார்க்கவேண்டியது குழந்தையின் கண்ணை. காமாலையில் விழிவெண்மை மஞ்சளாகும். கேரட் மஞ்சளில் அது வெண்மையாகவே இருக்கும். சிறுநீர் கருமஞ்சளாகாது, மலம் வெளுக்காது, பிள்ளை வழக்கம்போல் விளையாடும். மாறாக, கண் மஞ்சளித்தாலோ, மலம் சுண்ணாம்பாய் வெளுத்தாலோ, பாலன்றி வேறறியாப் பச்சிளஞ்சிசு மஞ்சளித்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். அங்கே கேரட்டைக் காரணங்காட்டிக் காத்திருத்தல் தகாது.

வைட்டமின் ஏ குறைந்து பிள்ளைகள் பார்வையிழந்த நாடு இது; அதைத் தடுக்க 1970இல் அரசு தனித்திட்டமே தொடங்கிற்று. எனவே கேரட்டை அறவே நிறுத்தவும் வேண்டா. வாரத்தில் இரண்டு மூன்று நாளாகக் குறைத்து, இடையே இட்லியும் பருப்புச்சோறும் வாழைப்பழமும் ஊட்டலாம். நிறம் சில வாரங்களில், சில பிள்ளைகளுக்குச் சில மாதங்களில், தானே மறையும். அதுவரை கேட்கும் மாமியார்க்கும் அண்டைவீட்டார்க்கும் பிள்ளையின் கண்ணைக் காட்டலாம்.