பத்து மாத அட்வான்ஸ்: சட்டம் எங்கே போயிற்று?

அம்பத்தூர், ஆவடி, செங்குன்றம் பக்கங்களில் குடும்பத்தோடு குடியிருக்க ஒரு வாடகை வீடு தேடிப் பாருங்கள். நாம் வாடகையைக் கேட்குமுன்பே "அட்வான்ஸ் பத்து மாதம்" என்பார்கள். மனமிரங்கினால் ஆறு மாதம். பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்த விவசாயத் தொழிலாளியானாலும் சரி, இருபது வருஷம் ஷிப்டு பார்த்த ஆலைத் தொழிலாளியானாலும் சரி, இந்த வாசலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாத அட்வான்ஸ் 80,000. எந்தத் தொழிலாளி வீட்டுப் பெட்டியில் இது தூங்குகிறது? மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது. போதாததற்கு இரண்டு வட்டிக்குக் கடன். முழுத் தொகையும் கடன் என்றால் வட்டி மட்டும் மாதம் 1,600 ரூபாய். ஆக வாடகை 8,000 அல்ல, 9,600! வீட்டுக்காரரிடம் கிடக்கும் நம் பணத்துக்கோ ஒரு காசு வட்டி கிடையாது. காலி செய்கிற நாளில் 'வெள்ளையடிக்க' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, மீதியைத் தவணையில் தருகிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் தவணைக்குக் காத்திருப்பாரா?

இதைக் கேட்கச் சட்டமே இல்லையா? இருந்தது. 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றது. நியாய வாடகையை நிர்ணயிக்கும்படி மனுப் போடவும் அதில் இடமிருந்தது. 2017-ல் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டம் போயிற்று. ஒரு மாத வரம்பு மூன்று மாதமாயிற்று. நியாய வாடகையின் இடத்தில் 'இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வாடகை' வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் பிள்ளைகளோடு வீடில்லாமல் நிற்பவனும், மூன்று வீட்டுச் சாவியை இடுப்பில் சொருகியிருப்பவரும் சரிசமமாக உட்கார்ந்து ஒப்புக்கொள்கிறார்களாம்!

புதுச் சட்டத்தில் நமக்கு உதவும் சங்கதிகளும் உண்டு. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். தகராறு என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. ஆனால் நடப்பது என்ன? பதினோரு மாதம் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். பதிவுமில்லை, நம் கையில் நகலுமில்லை.

வீட்டுக்காரர் எல்லோரும் சீமான்கள் அல்ல. ரிட்டையரான பணத்தில் மாடி எழுப்பி, அந்த வாடகையில் சாப்பிடுகிற பழைய ஆலைத் தொழிலாளியும் உண்டு. அவரோடு நமக்குப் பகையில்லை. பதிவான ஒப்பந்தம் அவருக்கும் காப்புத்தான். வாடகை பாக்கி நின்றால் முறைப்படி கேட்க வழியிருக்கிறது.

வாடகை அதிகாரியின் ஆபீஸ் எங்கே இருக்கிறதென்று ஒவ்வொரு பேட்டையிலும் சர்க்கார் தமிழில் பலகை எழுதி வைக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேல் வாங்கியதைத் திருப்பித் தர உத்தரவு போடட்டும். அதுவரை அட்வான்ஸைக் கையில் கொடுக்காமல் பாங்கி மூலம் கொடுங்கள். முழுத் தொகைக்கும் ரசீது கேளுங்கள். வீடு பேசப் போகும்போது தனியே போகாமல் சங்கத் தோழர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.