சுகர் இருக்கிறவங்களுக்குச் சர்க்கரை கொடுங்க!

நண்பர்களே, தலைப்பு தப்பா அச்சாகலை. விழிதியூரா இருந்தாலும் காரைக்கால் டவுனா இருந்தாலும், சுகரைப் பற்றி அறிவுரை சொல்ல நம்ம ஊர்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. காரணமும் இருக்கு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இன்டியாப் ஆய்வுப்படி, நம்ம புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 20 வயதைத் தாண்டியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம்.

இதில் பெரும்பாலானது டைப் 2. அதனால நமக்குத் தெரிஞ்சதெல்லாம் 'ஸ்வீட்டைத் தொடாதே' என்ற ஒரே பாடம்தான். உங்க கிளாஸ்ல டைப் 1 உள்ள ஒருத்தர் இருந்தா, அந்தப் பாடமே அவங்களுக்கு ஆபத்தாகலாம்.

டைப் 1-ல், இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. சின்ன வயசுல மிட்டாய் தின்னதால வந்தது இல்லை. வெளியிலிருந்து இன்சுலின் போட்டே ஆகணும். நாம படிக்கிற கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாஷையில் சொன்னா, கணையம் தானா ஓட்டின லூப்பை இவங்க கையால ஓட்டுறாங்க, அதுவும் டிலேயோட. சாப்பாட்டுக்கு முன்னாடி போடும் வேக இன்சுலின் வேலையை ஆரம்பிக்கவே கால் மணி நேரம் ஆகும். அப்புறம் மூணு முதல் அஞ்சு மணி நேரம் நிற்காது. போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. நடுவுல மெஸ்ல சாப்பாடு லேட்டாகலாம், சாயங்காலம் வாலிபால் ஆடலாம், காய்ச்சல் வரலாம். டிலே உள்ள சிஸ்டம் ஏறி இறங்கி ஆடத்தானே செய்யும்? அதைப் பார்த்து "உனக்குக் கட்டுப்பாடே இல்லை"ன்னு சொல்றது நியாயமா?

சுகர் 70-க்குக் கீழே போனா 'லோ'. கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், காரணமில்லாம கோபம் வரும். குடிச்சிருக்கான்னு நினைச்சுடாதீங்க. மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைச்சுக் கொடுங்க, இல்லைன்னா குளுக்கோஸ். 15 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஏறலைன்னா மறுபடி கொடுங்க. லோவா ஹையான்னு தெரியலை, மீட்டரும் இல்லைன்னா, லோன்னு எடுத்துக்கிட்டு சர்க்கரையே கொடுங்க. மயங்கிட்டா மட்டும் வாயில எதுவும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வெச்சு 108-க்கு போன் பண்ணுங்க.

'ஹை' வெளியே அவ்வளவா தெரியாது. தாகம், அசதி, அடிக்கடி பாத்ரூம். ஒரே பீரியட்ல மூணு தடவை வெளியே போறவங்க பங்க் அடிக்கிறாங்கன்னு அர்த்தமில்லை. ஹையோட வாந்தி, வயிற்று வலி, வேகமா ஆழமா மூச்சு வாங்குறது சேர்ந்துட்டா அது அவசரம். உடனே ஆஸ்பத்திரி.

இப்போ கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு ஹாலுக்குத் தின்பண்டம் கொண்டுபோக 2017-லேயே சி.பி.எஸ்.இ அனுமதி கொடுத்துடுச்சு. ஜே.இ.இ மெயின் ஹாலிலும் குளுக்கோஸ் மாத்திரையும் பழமும் கொண்டுபோகலாம். இன்ஜினியரிங் படிக்க வாசல் திறந்த தேர்வே அனுமதிச்சதை, இன்டர்னல் ஹால் வாசல்ல நின்னு ஏன் கெஞ்சணும்? மீட்டர், குளுக்கோஸ், தண்ணி: மூணையும் பரீட்சை ஹாலிலும் லேபிலும் வெச்சுக்கலாம்னு எழுத்துல ஒரு உத்தரவு போட்டா போதும். லோ ஆனதால போன நிமிஷங்களைக் கூடுதல் நேரமா கொடுத்தா இன்னும் நல்லது.

மாங்கனித் திருவிழா வரும்போது, டைப் 1 உள்ள நண்பர் கையில மாம்பழத்தைப் பார்த்து "உனக்கு ஆகாதே"ன்னு பிடுங்காதீங்க. எவ்வளவு சாப்பிடணும், அதுக்கு எவ்வளவு இன்சுலின் போடணும்னு கணக்குப் போடறது அவங்களுக்குத் தினசரி வேலை. உங்க வேலை ஒண்ணுதான்: பையில ஒரு குளுக்கோஸ் பாக்கெட்.