குடையும் செருப்புமாகச் செஞ்சி மலை ஏறுவோம்

2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராட்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை. அரசியல் தலைவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். நாமும் மகிழ்ந்தோம். நம் ஊர் மலை அது. மகிழ நமக்கும் உரிமை உண்டு.

ஆனால் தோழர்களே, பட்டியலுக்குப் பின்னால் என்ன வரும் என்று யோசிக்க வேண்டிய நேரம் இது. இன்று செஞ்சி பார்க்க வருகிறவர்களில் பலர் புதுச்சேரியிலோ திருவண்ணாமலையிலோ தங்கி, காலையில் வந்து மாலையில் திரும்புகிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்த இடத்தை முதலாளிகள் அப்படியே விட்டுவைக்க மாட்டார்கள். இராசத்தானின் நீம்ரானா கோட்டை 1991லேயே சொகுசு விடுதியாகிவிட்டது. மகாராட்டிர அரசு 2019ல் 25 கோட்டைகளை விடுதிகளாகவும் திருமண இடங்களாகவும் குத்தகைக்கு விட முயன்றது. எதிர்ப்பு வெடித்ததும், சத்ரபதி வரலாற்றோடு தொடர்புடைய கோட்டைகளைத் தொட மாட்டோம் என்று விளக்கம் கொடுத்தது. அன்று எழுந்த கோபம் பெரும்பாலும் மன்னரின் மானத்தைப் பற்றியது. அதே மராட்டியக் கோட்டைகளில் காவல் நின்ற, விறகும் புல்லும் சுமந்த மகார்களைப் பற்றி யாரும் அவ்வளவு உரக்கப் பேசவில்லை.

செஞ்சிக் கோட்டைக்குள் யாரும் விடுதி கட்ட முடியாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010ல் திருத்தப்பட்ட சட்டப்படி சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அந்த 300 மீட்டரைத் தாண்டிவிட்டால் வழி திறந்துவிடும். சன்னலைத் திறந்தால் இராசகிரி தெரியும் என்று விளம்பரம் வரும். கல்யாண மகாலின் பின்னணியில் வெள்ளைப் பருத்தி உடை, அகலத் தொப்பி, தோல் செருப்பு, கையில் ஒரு குடை என்று கோடைக்கால ஃபேஷன் படங்கள் வரும். படங்கள் அழகாகத்தான் இருக்கும். நமக்கு அழகு மீது பகை கிடையாது. அந்தப் படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இந்த மண்ணில் ஒரு வழக்கு இருக்கிறது. அதைத்தான் பேச வேண்டும்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் போகக் கூடாது. சட்டை, பனியன், கோட்டு கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. எட்டாவது தடை: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின.

இந்த எட்டையும் இன்றைய கோடை ஃபேஷன் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துணி, செருப்பு, குடை, நகை, முடி. ஒன்று விடாமல் எல்லாம் அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. வெயில் என்பது எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி விழும் என்று அறிவியல் சொல்கிறது. அந்த வெயிலிலிருந்து யார் ஒதுங்கலாம், யார் ஒதுங்கக் கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. உடை விசயத்தில் சாதி ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை. அதனால்தான் அண்ணல் அம்பேத்கரும் அலட்சியமாக இருக்கவில்லை. 1927 டிசம்பரில் மகத்தில் பெண்களிடம் பேசும்போது, தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டுவதையும் நகை அணிவதையும் விட்டுவிடச் சொன்னார். அவருடைய கோட்டு சூட்டைப் பார்த்து இன்றும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுளிப்பின் வேர் எட்டுத் தடைகளில் இருக்கிறது.

'இதெல்லாம் பழைய கதை' என்று சொல்பவர்கள் சட்டப் புத்தகத்தைத் திறக்கட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதையோ புத்தாடை உடுத்துவதையோ தடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் திருமண ஊர்வலம் போவதையும் தடுப்பதும் அதே பட்டியலில் உள்ள குற்றங்கள். நடக்காத குற்றத்துக்கு எந்த நாடாளுமன்றமும் சட்டம் எழுதாது.

இனி கோட்டைக்கு வருவோம். கோட்டை பார்க்கப் போன தலித்துகளுக்கு என்ன நடந்தது என்பதற்கு அம்பேத்கரே சாட்சி. 1934ல் அவரும் இயக்கத் தோழர்களும் சுமார் 30 பேர் வெரூல் குகைகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். தாங்கள் யார் என்று தெரிந்தால் தொல்லை வரும் என்பதால், அடையாளத்தைக் காட்டிக்கொள்ளாமல் போவது என்று முடிவு செய்திருந்தார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணப் புழுதி போக, வாசலில் இருந்த குளத்தில் முகமும் காலும் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டதாகக் கூச்சல் எழுந்தது. கூச்சலிட்டவர்கள் முஸ்லிம்கள், சாதி நோய் மதம் தாண்டியும் பரவும் என்பதை அவர் அங்கே கண்டார். கடைசியில் கோட்டைக்குள் போக அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையுடன்: உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது. தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய காவலாள் கூடவே நடந்தான். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்புகளில் இதை அவர் எழுதி வைத்திருக்கிறார். சட்டம் படித்து இரண்டு கண்டங்களில் பட்டம் வாங்கிய மனிதருக்குச் சுற்றுலாத் தலத்தில் கிடைத்த மரியாதை இதுதான்.

அந்த அனுபவத்துக்குச் சட்டம் பின்னாளில் பதில் சொன்னது. அரசமைப்பின் 15(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, உணவகம், விடுதி, பொதுப் பொழுதுபோக்கு இடம் ஆகியவற்றில் நுழையச் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது. பொதுக் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது. விடுதியும் குளமும் ஒரே பிரிவுக்குள் நிற்கின்றன. செஞ்சிக் கோட்டையில் செட்டிகுளமும் சக்கரக்குளமும் இருக்கின்றன. நாளை விடுதிக்குள் நீச்சல் குளம் வரும். வாசலில் சாதிச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள், தெரியும். அறை வாடகையே அந்த வேலையைச் செய்துவிடும். நிலமும் சம்பளமும் யாரிடம் இருக்கிறது என்பதைச் சாதி தீர்மானித்த ஊரில், விலைப்பட்டியலும் ஒரு சேரிச் சுவர்தான்.

செஞ்சி என்றால் மூன்று மலை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்: இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம். நான்காவதாக ஒரு சிறிய மலை இருக்கிறது. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். அருந்ததியர் மக்களை இழிவுபடுத்தச் சாதி இந்துக்கள் வாயில் புழங்கும் அதே சொல், கோட்டையின் ஒரு மலைக்குப் பெயராக நிற்கிறது. அங்கே ஏறிப் பார்க்கும் பயணிகள் மிகக் குறைவு. விளம்பரப் படத்தில் அந்த மலை வராது. பெயரை மெல்ல மறைத்துவிட்டால் நாகரிகம் என்று நினைப்பார்கள். நாம் அதற்குச் சம்மதிக்கக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். யுனெஸ்கோ கொடுத்த பட்டமே 'இராணுவ நிலப்பரப்பு'. தோல் இல்லாமல் எந்த இராணுவம் நடந்தது? சேணம், கடிவாளம், வாளுறை, கேடயம், முரசு, தண்ணீர் சுமக்கும் தோல் பை, நடக்கும் செருப்பு எல்லாம் தோல். சிவாஜி 1677ல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் இராசாராம் உள்ளே இருந்தபோது, மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டார். எட்டு ஆண்டு முற்றுகையில் குதிரைக்குச் சேணம் தைத்தவர் யார், செத்த மாட்டை அகற்றியவர் யார், பிணம் சுமந்தவர் யார்? தேசிங்குராசன் கதையில் குதிரைகளுக்குக்கூடப் பெயர் உண்டு. சேணம் தைத்தவனுக்குப் பெயர் இல்லை. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன ஒற்றைக்கல் தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. எங்கிருந்து வந்த தூண்கள் என்று கேட்டால் பலரும் பதில் சொல்வார்கள். அவற்றைச் செதுக்கிய, இழுத்த கைகள் யாருடையவை என்று கேட்டால் பதில் இல்லை.

'சுற்றுலா வந்தால் உங்கள் பிள்ளைகளுக்குத்தானே வேலை' என்பார்கள். வேலை வேண்டும். ஆனால் என்ன வேலை? வரவேற்பு மேசையில் யார், சமையலறையில் தலைமைச் சமையலராக யார், கோட்டைக் கதை சொல்லும் வழிகாட்டியாக யார்? கழிவறையிலும் சலவையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் யார்? 2013லேயே மனிதக் கழிவை மனிதர் அகற்றத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஒன்பது ஆண்டு கழித்து, 2022 அக்டோபரில், திருப்பெரும்புதூர் அருகே ஒரு தனியார் சொகுசு விடுதியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூன்று தொழிலாளர்கள் நச்சு வாயுவில் செத்தார்கள். வெள்ளைத் துண்டும் மணக்கும் குளியலறையும் எப்படிச் சாத்தியமாகிறது என்று விளம்பரத்தில் எழுத மாட்டார்கள்.

அடுத்தது நிலம். விடுதி வானத்தில் கட்டப்படுவதில்லை. 1891ல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்கீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892ல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த நிலம் நம் கையைவிட்டு எங்கே போனது என்று கேட்டுத்தான் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். ஒரு கிராமத்தில் நில மதிப்பு ஏறத் தொடங்கியதும் முதலில் காணாமல் போவது நம் நிலமும் புறம்போக்கும்தான். இதைச் செஞ்சியில் நடக்க விடக் கூடாது.

இந்த மாவட்டம் நமக்குப் புதிதல்ல. 1978 சூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2023 சூனில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதை ஆதிக்க சாதியினர் எதிர்த்ததால், வருவாய்த்துறை கோயிலுக்கே சீல் வைத்தது. அம்மன் வாசலே பூட்டப்பட்ட மாவட்டத்தில், உலகத்துக்கே திறந்திருக்கிறோம் என்று சொல்லும் விடுதிகளிடம் நாம் சில கேள்விகள் கேட்டே ஆக வேண்டும்.

மாணவத் தோழர்களே, செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களின் 'அ' பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். எந்தப் புல எண் பஞ்சமி நிலம், எது புறம்போக்கு என்று இப்போதே பட்டியலிட்டு வையுங்கள். கட்டடம் எழுந்த பிறகு கேட்டால் வழக்குத்தான் மிஞ்சும். நான்காவது மலைக்கும் ஒரு தகவல் பலகை வேண்டும், அதில் தோல் வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், சுமந்தவர்கள் வரலாறு தமிழில் இருக்க வேண்டும் என்று தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அந்தப் பலகையில் என்ன சொல் இருக்க வேண்டும் என்பதை அருந்ததியர் தோழர்கள் முடிவு செய்யட்டும். வழிகாட்டிப் பயிற்சியில் சேரி இளைஞர்களுக்கு இடம் கேளுங்கள். எந்த விடுதிக்கு அனுமதி கொடுத்தாலும், கழிவுநீர்த் தொட்டியில் மனிதர் இறங்கக் கூடாது என்பதை நிபந்தனையாக எழுதச் சொல்லி ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள்.

கோட்டை பார்ப்பதை நாம் புறக்கணிக்கத் தேவையில்லை. நன்றாக உடுத்துங்கள். பிடித்த நிறத்தில் சட்டையும் சுடிதாரும் போடுங்கள். பூ வையுங்கள், முடியை விரும்பியபடி வெட்டுங்கள். செருப்புப் போட்டு, குடை பிடித்து இராசகிரி உச்சி வரை ஏறுங்கள், படம் எடுங்கள். இறங்கி வந்து நான்காவது மலைக்கும் போங்கள். அங்கே எடுத்த படத்தையும், மலையின் பெயரையும், 1930ன் எட்டாவது தடையையும் சேர்த்துப் பதிவிடுங்கள். செஞ்சியைத் தேடுகிற ஒவ்வொருவரும் அந்தப் பதிவையும் பார்க்கட்டும்.

ஜெய் பீம்.