கூட்டி வந்தோம், கையெழுத்துப் போடவில்லை

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தியும் எழுந்த பிறகு, கூடத்தில் பெரியவர்கள் நாலு பேர் உட்காருவார்கள். "பையன் பெரியப்பா வீட்டுல இருக்கட்டும். பொண்ணு அம்மாச்சிகிட்ட இருக்கட்டும்." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அண்ணனும் தங்கையும் அன்றைக்கே வேறு வேறு ஊர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். இறந்தவர்களின் நகை யாரிடம் இருக்கிறது, எல்.ஐ.சி. பாலிசி என்ன ஆச்சு, விபத்து வழக்கை எந்த வக்கீலிடம் கொடுப்பது என்பதற்கெல்லாம் இதைவிட அதிக நேரம் பேசியிருப்போம். குழந்தைகள் திண்ணையிலோ அடுப்படியிலோ இருந்திருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம்.

பெற்றோர் இல்லாத பிள்ளையைத் தமிழ்க் குடும்பம் தெருவில் விடாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதில் பொய் இல்லை. சோறு போட்டோம், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம், தீபாவளிக்குத் துணி எடுத்தோம். ஆனால் சட்டப்படி அது யாருடைய பிள்ளை என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டவரையும், "நம்ம ரத்தத்துக்கு எதுக்குய்யா பேப்பரு?" என்று வாயடைத்தோம். சித்தப்பாவும் மாமாவும் பாட்டியும் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆசிரியர்களும் வக்கீல்களும் பத்திரிகையில் எழுதுகிறவர்களுமாகச் சேர்ந்து செய்த தவறு இது.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா பெயர் கேட்பார்கள். பலரும் அந்த இடத்தில் மாமா பெயரையே கொடுத்துவிடுகிறோம். ஊரார் முன்னால் பிள்ளை தலைகுனியக் கூடாது என்ற அன்பில் செய்கிற காரியம்தான். ஆனால் பிறப்புச் சான்றிதழில் பெற்ற அப்பா பெயர் இருக்கும். பள்ளிப் பதிவேட்டிலும் டி.சி.யிலும் மாமா பெயர். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று. சாதிச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ.விடம் போகும்போது முதல் முடிச்சு விழும். கல்லூரி, கல்விக்கடன், பாஸ்போர்ட் என்று அது இறுகிக்கொண்டே போகும். பிளஸ் டூ முடித்த பிள்ளை, சக மாணவர்கள் கவுன்சலிங்குக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போது, தன் அப்பா யார் என்பதை நிரூபிக்க தாலுகா அலுவலக வராந்தாவில் நிற்கும். நம் அன்பின் கணக்கை அந்தப் பிள்ளை அடைக்கிறது.

இதைவிடக் கொடுமை ஆஸ்பத்திரி. அறுவைசிகிச்சைக்கு முன் ஒப்புதல் படிவத்தை நீட்டி, "நீங்க இந்தப் பிள்ளைக்கு யாரு?" என்று கேட்பார்கள். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து தோளில் போட்டு வளர்த்த சித்தி அந்த இடத்தில் தயங்கி நிற்பாள். அம்மா என்று சொன்னால் பொய், சித்தி என்று சொன்னால் கையெழுத்துச் செல்லுமா என்ற பயம்.

பெற்றோர் இறந்துவிட்ட வீடுகளிலாவது இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அப்பா வேறொரு குடும்பத்தோடு போய்விட்டார், வேலைக்கென்று வெளியூர் போன அம்மா திரும்பவே இல்லை என்ற வீடுகளில் நாம் இன்னும் அசட்டையாக இருந்தோம். "என்னைக்காவது வருவாங்க" என்றே பத்து வருடத்தை ஓட்டினோம். அவர்கள் வரவில்லை. வந்தவர்களில் சிலரும் பிள்ளைக்கு இழப்பீடோ உதவித்தொகையோ வரப்போகிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள்.

இத்தனைக்கும் வழி இல்லாமல் இல்லை. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், உறவினர் பிள்ளையை உறவினரே தத்தெடுக்க இடம் தருகிறது. எந்த மதத்தவருக்கும் அது பொருந்தும். 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில், மகன் இருக்கிற வீட்டார் இன்னொரு ஆண்பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. மகள் இருக்கிற வீட்டுக்குப் பெண்பிள்ளை விஷயத்திலும் அதே தடைதான். இளைஞர் நீதிச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. மற்றவர்களைப் போல வருடக்கணக்கில் வரிசையில் காத்திருக்கவும் வேண்டாம். பிள்ளை ஏற்கெனவே நம் வீட்டில்தான் இருக்கிறது. மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருந்தால் அவர்களுடைய சம்மதம், இல்லாவிட்டால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே ஆணை தருகிறார். மனு கொடுத்த இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆணை கிடைத்தால் புதிய பிறப்புச் சான்றிதழே வாங்கலாம்.

இந்த நடைமுறையில் மனத்தைத் தொட்ட விதி ஒன்று உண்டு. ஐந்து வயது நிரம்பிய பிள்ளையாக இருந்தால் அதனுடைய சம்மதத்தையும் வாங்க வேண்டும். கூடத்தில் உட்கார்ந்த நாலு பெரியவர்களுக்குத் தோன்றாத ஒன்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

சட்டத்தில் குறையும் இருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகள் மட்டும்தான் அதன் கணக்கில் உறவினர். படிப்பை நிறுத்திவிட்டு மில் வேலைக்குப் போய்த் தம்பியை ஆளாக்கிய அக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அவள் மாவட்ட நீதிமன்றத்தில் 1890-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் உத்தரவு வாங்கிக்கொள்ளலாம். அதையும் அவளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஏன் செய்யவில்லை என்று மனத்தைக் கேட்டால் வருகிற பதில்கள் அழகாக இல்லை. தத்தெடுத்தால் நம் சொத்தில் பங்கு போகும் என்ற கணக்கு பல வீடுகளில் இருந்தது. வாயால் "என் புள்ள" என்றோம், பத்திரத்தில் எழுத மனம் வரவில்லை. மறுபக்கம், பிள்ளையைக் கொடுத்துவிட்டால் அதன் அப்பா சொத்து போய்விடும் என்று தாத்தா பாட்டி பயந்தார்கள். தத்து ஆணைக்கு முன்பே பிள்ளைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து ஆணைக்குப் பிறகும் அதற்கே உரியது என்று சட்டத்தில் இருப்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. நோட்டரி முன்னால் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்து, "தத்து முடிஞ்சிருச்சு" என்று அனுப்பிவைத்த வக்கீல்களும் நம்மில் உண்டு. அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெயர் மாற்ற முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வளர்க்கிறோம் என்று கூட்டிவந்த பெண்பிள்ளைகளில் சிலரை நாம் வளர்க்கவில்லை, வேலை வாங்கினோம். விடியற்காலையில் வாசல் தெளிக்க எழுப்பியதும் அவளைத்தான், அத்தையின் கைக்குழந்தைக்காகப் பள்ளிக்கு மட்டம் போட வைத்ததும் அவளைத்தான். பெயரில்லாத உறவு என்பதால் கேள்வி கேட்க ஆளில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த நாமும், "சொந்தக்காரங்க வீடுதானே" என்று பார்த்துக்கொண்டு இருந்தோம். தத்து ஆணை ஒன்று மட்டும் அவளைக் காப்பாற்றியிருக்குமா என்றால், தெரிந்து சொல்ல முடியாது. ஆனால் அதற்காக அவளிடம் ஒருமுறையாவது சம்மதம் கேட்டிருப்பார்கள்.

கொரோனா காலத்தில், 2021 மே, ஜூனில், அம்மா அப்பா இருவரையும் இழந்த குழந்தைகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. "இந்தக் குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள்" என்று போன் நம்பரோடு வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை, அது சட்டவிரோதம் என்றுகூட யோசிக்காமல் பரப்பினோம். தமிழக அரசு அந்தக் குழந்தைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், உறவினர் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு மாதம் 3,000 ரூபாயும் அறிவித்தது. அதோடு எழுதியவர்களின் வேலையும் முடிந்துவிட்டது. அந்தக் குழந்தைகள் யார் வீட்டில், எந்தப் பெயரில் வளர்கிறார்கள் என்று பிறகு நாம் போய்ப் பார்க்கவில்லை. பாட்டி வளர்த்த குழந்தை, பாட்டியும் போன பிறகு எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

எல்லா வீட்டுக்கும் தத்தெடுப்புதான் சரி என்று சொல்லவில்லை. அம்மா உயிரோடு இருந்து, உடம்பு தேறித் திரும்பி வரக்கூடும் என்றால் பாதுகாவலர் உத்தரவே போதும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் கிடைக்கும். எது பொருந்தும் என்று கேட்டு முடிவு செய்யலாம். கேட்காமலே காலம் தள்ளுவதை மட்டும் இனிச் செய்யக் கூடாது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை வளர்ந்தால், அதனிடம் முதலில் பேசுங்கள். பிறகு பிறப்புச் சான்றிதழையும், பெற்றோரைப் பற்றி இருக்கிற ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 1098-க்கு அழைத்துக் கேளுங்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 18 வயது நிரம்பிவிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு வழி கிடையாது.